முன்பணம் கேட்கிற பிள்ளையைத் தப்பாகப் பார்க்காதீர்கள்

படம் வரைகிற பிள்ளைகளை ஏமாற்ற வருகிறவன் முதலில் பாராட்டுவான். "அருமை" என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் போல அல்ல. கண்மணியில் விட்ட வெள்ளைப் புள்ளி, சேலை மடிப்பில் விழுந்த நிழல் என்று இடம் சுட்டிப் பாராட்டுவான். வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்து, மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, அவள் படத்தை வரைந்து தர முடியுமா என்பான். விலை சொன்னால் மறுபேச்சு இருக்காது. நம் ஊரில் பேரம் பேசாமல் யார் வாங்குகிறார்கள்? சந்தேகம் அங்கேயே வர வேண்டும். ஆனால் தன் கலையை மதித்த ஒருவர் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கிற பிள்ளைக்கு எப்படி வரும்?

பாளையங்கோட்டையில் அச்சகமும் ஃபிளெக்ஸ் கடையும் நடத்துகிறேன். வரைகிற பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வருவார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து, சேரன்மகாதேவியிலிருந்து, களக்காட்டிலிருந்து, வள்ளியூரிலிருந்து எல்லாம் வருகிறார்கள். பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வரைகிற பெண்கள், பகலில் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு இரவில் டேப்லெட்டில் வரைகிறவர்கள். பென்சில் உருவப்படம், மாப்பிள்ளை பெண் கார்ட்டூன், கொடை என்று நாங்கள் சொல்கிற கோயில் திருவிழா நோட்டீசுக்குச் சுடலைமாடன், இசக்கியம்மன். சிலர் திருப்புடைமருதூர் கோபுரத்துச் சுவரோவியங்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு பழகியவர்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் காலண்டர்களாகி வீட்டுக்கு வீடு தொங்கின சீமை இது. அந்த வரிசையில் வந்த பிள்ளைகள் இப்போது முகமே தெரியாத ஒருவனின் குறுஞ்செய்தியை நம்பித் தாளை விரிக்கிறார்கள்.

ஏமாற்றுகிற வழிகள் பல. அடிப்படை ஒன்றுதான்: உங்களுக்கு வரப்போகும் பணத்தைக் காட்டி, கையில் இருக்கும் பணத்தை எடுப்பது. 1,500 ரூபாய்க்குப் பேசியிருப்பீர்கள். "15,000 போட்டுவிட்டேன், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது, மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மீதி 13,500-ஐ உடனே திருப்பி அனுப்புங்கள்" என்று செய்தி வரும். கூடவே வங்கி அனுப்பியது போல ஒரு எஸ்எம்எஸ். அது பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன தலைப்பில்தான் வரும், தனி ஆளின் எண்ணிலிருந்து வராது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. பார்க்க விடாமல் பதற்றப்படுத்துவதுதான் அவனுடைய முழு வித்தை. அதற்குத்தான் அந்த ஆஸ்பத்திரி.

இன்னொருவன் ராணுவ வீரனாக வருவான். சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் அனுப்புவான். பட்டாளத்துக்காரர் என்றால் நம் பக்கத்தில் தனி மரியாதை. அதைத் தெரிந்துகொண்டே வருகிறான். "எங்கள் கணக்குப் பிரிவின் முறைப்படி நீங்கள் முதலில் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும், இரண்டு ரூபாயாகத் திரும்பும்" என்பான். திரும்பவும் செய்யும். அடுத்தது ஆயிரமாக இருக்கும், அது திரும்பாது. இல்லையென்றால் ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்பான். யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைக் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் கேட்டு கோரிக்கை அனுப்பும் வசதியை இந்தத் தொல்லை காரணமாகவே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கியூஆர் வழி அடைபடவில்லை.

வெளிநாட்டு ஆர்டர் என்றால் பிள்ளைகளுக்குக் கண் விரிகிறது. டாலரில் கிடைக்கும் என்ற ஆசையில் தப்பில்லை, நியாயமான ஆசைதான். வருகிற கதையைக் கவனியுங்கள். "படத்தை எடுத்துப் போக என் கூரியர் ஏஜெண்ட் வருவார், அவருடைய கூலியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன், அதை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்." கூலி உங்கள் பணம், சேர்த்து அனுப்பியது பொய். காசோலை அனுப்பினால் இன்னும் மோசம். வெளிநாட்டுக் காசோலை கணக்கில் வரவு காட்டிய பிறகும் பல வாரம் கழித்துத் திரும்பக்கூடும். வெளிநாட்டுப் பணம் வாங்கப் பயன்படும் பேபால் என்ற இணையச் சேவையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: பணம் வந்து நிற்கிறது, உங்கள் கணக்கை வணிகக் கணக்காக மாற்றக் கட்டணம் கட்டுங்கள் என்று. அந்த மாற்றத்துக்குக் கட்டணமே கிடையாது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல் நேராகத் தளத்துக்குள் போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் நின்றுகொண்டிருக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பேபாலில் பணம் அனுப்பும் சேவை 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. சென்னையில் இருப்பதாகச் சொல்கிறவர் பேபாலில் போட்டுவிட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணம் மட்டும் போவதில்லை. மாதிரிப் படங்கள் இருக்கின்றன, பிரித்துப் பாருங்கள் என்று ஜிப் கோப்பு அனுப்புவார்கள். உள்ளே ஒன்று படம் போலப் பெயர் வைத்த நிரலாக இருக்கும். திறந்தால் உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள் எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். 2022-இல் டீவியன்ட்ஆர்ட், பிக்சிவ் என்ற ஓவியத் தளங்களில் இருந்தவர்களைக் குறிவைத்து, என்எஃப்டி (இணையத்தில் உரிமைப் பதிவோடு விற்கிற டிஜிட்டல் படம்) வரைகிற வேலை தருகிறோம் என்ற பெயரில் இதே வேலை நடந்தது. நாலைந்து ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த பக்கம் ஒரே இரவில் இன்னொருவன் கைக்குப் போவது, பல ஆயிரம் ரூபாய் போவதைவிடப் பெரிய இழப்பு.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் தருவது ஏமாந்த பிறகு நடப்பது. பெண்பிள்ளையாக இருந்தால் வீட்டில் சொல்லவே மாட்டாள். சொன்னால் முதலில் கைபேசி பறிபோகும். "முகம் தெரியாத ஆம்பளையோடு உனக்கு என்ன பேச்சு" என்ற கேள்வி வரும். ஏமாற்றியவனைப் பற்றி ஒருவர்கூடப் பேச மாட்டார். வரைவதே வேண்டாம், பேசாமல் பேங்க் பரீட்சைக்குப் படி என்று முடித்துவிடுவார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் கண்ணுக்கு இந்த மாவட்டத்தில் முகம் வரைவதில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவள், இப்படித்தான் நிறுத்திவிட்டாள். போன பணம் ஒன்பதாயிரம் சொச்சம். நாத்தனார் கல்யாணத்துக்குச் செய்முறை செய்ய வைத்திருந்த பணம். ஒன்பதாயிரத்தைச் சம்பாதித்துவிடலாம், அவள் கையை யார் திருப்பித் தருவது? பெற்றோர்களுக்கும் கணவன்மார்களுக்கும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். திருடு போன வீட்டுக்காரரிடம் "ஏன் வீடு கட்டினாய்" என்று கேட்பீர்களா? வைவதை ஒத்திவையுங்கள். பணம் போன முதல் ஒரு மணி நேரம் மிகவும் பெரியது.

ஏனென்றால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. ஏமாற்றுகிறவன் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ ஒருவரின் வாடகைக் கணக்கில் வாங்கி, அங்கிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தள்ளிக்கொண்டே போவான். தகவல் வேகமாகப் போய்ச் சேர்ந்தால் அது நிற்கிற கணக்கில் முடக்குகிறார்கள். பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண், நேரம், தொகை, அவன் எண், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உரையாடலை அழித்துவிடாதீர்கள், அவமானத்தில் பலர் முதலில் செய்வது அதுதான். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள், அவன் பிழைப்பதே அந்த எண்ணத்தை நம்பித்தான். பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கட்டு என்று பின்னாலேயே ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்.

இப்போது நம்மைப் பற்றி. ஏமாற்றுகிறவனுக்கு இத்தனை இடம் கொடுத்தது யார்? முன்பணம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று அந்தப் பிள்ளைகளைக் கூச வைத்தது நாம்தான். கொடை வைக்கிற ஊர்களைப் பாருங்கள். வில்லிசைக் குழுவுக்கு வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துத்தான் நாள் குறிக்கிறோம். கணியான் கூத்துக்கும் அப்படித்தான், நையாண்டி மேளத்துக்கும் அப்படித்தான். பந்தல்காரர், மைக்செட்காரர், ஆக்குப்புரைக்கு (சமையல் கொட்டகைக்கு) வருகிற சமையல்காரர், யாரும் முன்பணம் வாங்காமல் வண்டி ஏற மாட்டார்கள். நாமும் முகம் சுளிப்பதில்லை. என் கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு அட்வான்ஸ் வைக்காமல் ஒருவரும் போவதில்லை. ஆனால் அதே கொடை நோட்டீசுக்கு மாடனின் கண்ணை வரைந்து தருகிற பையன் ஐந்நூறு ரூபாய் முன்னால் கேட்டால் "சாமி காரியத்துக்குக் காசா" என்கிறோம். வில்லுக்காரர் சாமி காரியம் பாடவில்லையா?

முன்பணம் கேட்பது வழக்கமாகிவிட்டால் ஏமாற்றுகிறவன் முதல் வாசலிலேயே நின்றுவிடுவான். பாதித் தொகை கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பென்சிலை எடுப்பது, குறுக்கே பெயர் தெரிகிற மாதிரி வாட்டர்மார்க் போட்ட சின்ன அளவுப் படத்தை மட்டும் காட்டுவது, மீதி வந்த பிறகு பெரிய கோப்பைக் கொடுப்பது, லேயர் லேயராகப் பிரித்துத் திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தன்னிடமே வைத்திருப்பது. இதற்குச் சம்மதிக்காமல் கதை சொல்கிறவர் படம் வாங்க வந்தவர் இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் பயம் உண்டு, அதுவும் நியாயம். பிறர் வரைந்த படங்களைத் தன்னுடையது என்று போட்டு அட்வான்ஸ் வாங்கி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு வழி, முன்பணத்தை மறுப்பது அல்ல. வரைகிறபோது எடுத்த ஒரு வீடியோ கேளுங்கள், வீடியோ அழைப்பில் ஒரு நிமிடம் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் வரைகிற பிள்ளை மகிழ்ச்சியோடு காட்டும். பெரிய வேலையென்றால் கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள்.

எழுதி வைத்துக்கொள்வதையும் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: என்ன படம், எத்தனை திருத்தம், என்றைக்குள், எவ்வளவு, எங்கெல்லாம் பயன்படுத்தலாம், காப்புரிமை யாருக்கு. கடைசியில் சொன்னது மிக முக்கியம். நம் பிள்ளைகள் பலர் வரைந்தவருக்குத்தான் உரிமை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளர் ஆக்குகிறது. அதாவது ஒரு வரி எழுதாமல் விட்டால், கடை வாசலில் மாட்ட என்று வரைந்த படம் பனியனிலும் பையிலும் போய் உட்கார்ந்தாலும் கேட்க முடியாது. வரைந்தவர் நான்தான் என்று பெயர் கோருகிற உரிமை 57-ஆவது பிரிவின்படி அப்போதும் அவரிடமே இருக்கும். அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

என் தொழில்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து "அண்ணாச்சி, ஓரத்தில் இருக்கிற பெயரை மட்டும் அழித்துவிட்டுப் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்கிறவர்கள் வாராவாரம் வருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் எடுத்த படமாக இருக்கும். நாம் அழித்துக் கொடுத்தால் அந்தத் திருட்டில் நமக்கும் பங்கு. நான் மறுத்துவிடுகிறேன். நாலு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள், போகட்டும். பக்கத்துக் கடையும் மறுத்தால் அவர்கள் வரைந்த பிள்ளையைத்தான் தேடிப் போக வேண்டும். பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன், டவுன், மேலப்பாளையம் எங்கும் கடை வைத்திருக்கிற நாம் நினைத்தால் இதை இந்தக் கொடை சீசனிலேயே செய்யலாம்.

வரைகிற பிள்ளைகளே, உங்களுக்கு வந்த ஆர்டரில் சந்தேகம் இருந்தால் பணமோ கோப்போ அனுப்புவதற்கு முன் அந்த உரையாடலை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஏற்கெனவே பணம் போயிருந்தால் முதலில் 1930, பிறகு நான். புகார் எழுதுவதற்கும், காவல் நிலையத்துக்குக் கூட வருவதற்கும் என் மனைவியும் நானும் தயார். வீட்டில் சொல்லத் தயங்குகிறவர்கள் அவளிடமே பேசலாம். அவள் எண் வேண்டுமென்றால் கேளுங்கள்.

இந்த ஊரில் அச்சகம், ஃபிளெக்ஸ் கடை, ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்கள் யாரெல்லாம் பெயர் அழித்த படத்தைப் போட மாட்டோம் என்று சொல்லத் தயாரோ, கீழே உங்கள் கடைப் பெயரை எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலைக் கொடுக்கிறேன்.