பில் ஃபிங்கர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்

பேட்மேனை உருவாக்கியது யார் என்று கேட்டால் இன்றும் பெரும்பாலானோர் ஓவியர் பாப் கேன் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1939 முதல் 2015 வரை அந்த ஒரு பெயரைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

சூப்பர்மேன் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அதே மாதிரி இன்னொரு நாயகன் வேண்டும் என்று பதிப்பகம் தேட, கேன் ஒரு படம் வரைந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கிற சின்ன முகமூடி, முதுகில் விறைப்பாக இரண்டு சிறகுகள். அதைத் தன் நண்பர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். ஷூ விற்கும் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளராகும் கனவோடு இருந்தவர் ஃபிங்கர். வௌவால் காது வைத்து தலையை மூடு, சிறகை எடுத்துவிட்டு மேலங்கி போடு, சிவப்பு வேண்டாம் சாம்பல் நிறம் வை, கையுறை மாட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னது அவர்தான். முகமூடிக்குள் இருக்கும் மனிதனுக்குப் புரூஸ் வெய்ன் என்ற பெயர் அவர் வைத்தது. கதை நடக்கும் ஊருக்குக் கோதம் என்ற பெயரும் அப்படித்தான். முதல் கதையையும், பேட்மேனின் எதிரிகளான ஜோக்கரும் கேட்வுமனும் முதலில் தலைகாட்டிய கதைகளையும் அவரே எழுதினார். பேட்மேனிலிருந்து இவ்வளவையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனால் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் கேன். ஃபிங்கருக்குக் கிடைத்தது எழுத்துக் கூலி மட்டும். 1966இல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவையே கலக்கியபோது, ஒரே ஒரு இரண்டு பாகக் கதையில்தான் அவர் பெயர் வந்தது. அதுவும் இன்னொருவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவராக. 1974இல், 59 வயதில், உருவாக்கியவர் என்ற பெயர் கிடைக்காமலே இறந்துபோனார். அவருடைய பங்கை கேன் மனம்விட்டு ஒப்புக்கொண்டது 1989இல், தன் சுயசரிதையில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மார்க் டைலர் நோபல்மேன் என்ற எழுத்தாளர் வருடக்கணக்கில் தேடி அலைந்தார், ஃபிங்கரின் பேத்தி உரிமை கேட்டு நின்றார், அப்புறம்தான் 2015இல் உருவாக்கியவராக ஃபிங்கர் பெயரும் சேர்ந்தது.

ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இல்லையே என்று சிலர் வாதாடுகிறார்கள். காசு யாருக்கு என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யலாம். வேலையைச் செய்தது யார் என்பதை அது எப்படி மாற்றும்?

நம்ம ஊரில் 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை எத்தனை பேர் நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிறோம்! பிரிட்டிஷ் இதழில் பிறந்த அவனை வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து பிரிட்டிஷ் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை.

பழைய கதைதானே என்று விடவும் முடியாது. மார்வெல் காமிக்ஸ் பாத்திரமான வின்டர் சோல்ஜரை 2005இல் எட் புரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும் உருவாக்கினார்கள். 2021இல் அந்தப் பாத்திரத்தை வைத்துத் தொலைக்காட்சித் தொடரே வந்தது. அதை உருவாக்கியதற்குக் கிடைத்ததைவிட, அந்தப் பாத்திரம் வரும் திரைப்படத்தில் ஒரு சின்னக் காட்சியில் தான் தலைகாட்டியதற்கு நடிகர் சங்க விதிப்படி வந்த பணமே அதிகம் என்றார் புரூபேக்கர். கடைசியில் ஓடும் நன்றிப் பட்டியலில் ஒரு வரி போதாது. உருவாக்கியவர்கள் பெயர் தொடக்கத்திலேயே வர வேண்டும், வருமானத்தில் ஒரு பங்கும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.