ஆண்பால் மூட்டை, பெண்பால் மூட்டை

(மந்தைவெளியில் ஒரு தெருமுனை. மரத்தடியில் முருகேசனின் இஸ்திரி வண்டி. ஓய்வுபெற்ற ராமநாதன் கைக்கொரு மூட்டையும் தோளில் ஒரு வேட்டியுமாக வருகிறார்.)

முருகேசன்: என்ன சார், மூட்டை இரண்டாகிவிட்டது? விருந்தாளிகளா?

ராமநாதன்: பேத்திதான் காரணம். பிரெஞ்சு வகுப்பில் கொடி கட்டி, ஆண்பால் துணிக்கு நீல க்ளிப், பெண்பால் துணிக்குச் சிவப்பு க்ளிப் என்று மாட்டச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்ததும் என் அலமாரியில் பயிற்சி செய்துவிட்டாள்.

முருகேசன்: (பிரித்துப் பார்த்து) பெண்பால் மூட்டையில் உங்கள் சட்டையல்லவா இருக்கிறது?

ராமநாதன்: பிரெஞ்சில் சட்டை பெண்பால், பேன்ட் ஆண்பால்.

முருகேசன்: அர்த்தநாரீசுவரரையே நம்மவர்கள் நெடுக்கில்தான் பிரித்தார்கள். உங்களைக் குறுக்கே பிரித்துவிட்டார்களே சார்!

ராமநாதன்: இன்னும் கேள். பெண்கள் போடும் மேல்சட்டை ஆண்பாலாம்.

முருகேசன்: அதை உங்கள் மருமகளிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு இந்தத் தெருவில் பிழைப்பு நடக்க வேண்டும்.

ராமநாதன்: போன வாரம் காய்கறிக் கடை விளையாட்டு. எண்பது என்பதற்கு ‘நான்கு இருபது’, தொண்ணூற்றொன்பதுக்கு ‘நான்கு இருபது பத்தொன்பது’. கடைக்காரப் பையன் விலை சொல்லி முடிப்பதற்குள் தக்காளி வாங்க வந்தவள் டிபன் பெட்டியைத் திறந்துவிட்டாளாம்.

முருகேசன்: நான்கு இருபது ரூபாய் நோட்டு கொடுத்தால் எண்பதுதானே? சில்லறையோடு வருகிற ஜாதி போலிருக்கிறது. நீங்கள்தான் ஐந்நூறை நீட்டுகிறீர்கள்.

ராமநாதன்: (கேட்காதவர்போல) ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப்போகிறார்கள். துணைக்கு நானும் போக வேண்டுமாம்.

முருகேசன்: நம் புனித ஜார்ஜ் கோட்டைக்கா? அது வெள்ளைக்காரன் கட்டியது. பிரெஞ்சு என்றால் பாண்டிச்சேரிக்கு அல்லவா போக வேண்டும்?

ராமநாதன்: பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரன்தானப்பா. 1746-இல் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து கோட்டையைப் பிடித்துவிட்டான். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர்கள் கையில்தான் சென்னை இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் பெரும்படையோடு மீட்க வந்தார். அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை அவரை விரட்டிவிட்டது.

முருகேசன்: அடையாற்றங்கரையிலா? இப்போதென்றால் படையே வேண்டாம், கொசு போதும். சரி, ஊர் எப்படித் திரும்பக் கிடைத்தது?

ராமநாதன்: 1748-இல் ஐரோப்பாவில் ஓர் உடன்படிக்கை. கனடாவில் லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்சிடம் திருப்பிக் கொடுத்து, சென்னையை இங்கிலாந்து வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு ஊர் கைமாறியது.

முருகேசன்: பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் எடுத்ததுபோல! இங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ராமநாதன்: புடவையை யார் கேட்பார்கள்? இதையெல்லாம் வகுப்பில் நாடகமாகப் போடுகிறார்கள். பேத்திக்குக் கிளைவ் வேடம். அப்போது அவன் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியில் வெறும் எழுத்தர். பிரெஞ்சுக் காவலை ஏமாற்ற, நம் ஊர் ஆள்போல் உடுத்திக்கொண்டு கடலூர்ப் பக்கம் தப்பிவிட்டான்.

முருகேசன்: யாருடைய துணி?

ராமநாதன்: அது தெரிந்து உனக்கென்ன?

முருகேசன்: அவ்வளவு அவசரத்தில் ஜவுளிக் கடைக்கா போயிருப்பான்? எவரோ வெளுத்துக் காயப்போட்டதை உருவியிருப்பான். துணிக்காரர் வீட்டில் வசவு வாங்கியது வெளுத்தவர்தான். இதையும் நாடகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ராமநாதன்: சொல்கிறேன். இந்த வேட்டிதான் அவள் கட்டிக்கொள்ளப் போவது.

முருகேசன்: இது ஏன் மூட்டையில் இல்லை?

ராமநாதன்: எந்தப் பால் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆசிரியையைக் கேட்கும்வரை என் தோளில் இருக்கட்டும் என்றாள். நீ மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடு.

முருகேசன்: தப்பி ஓடுகிறவன் மடிப்புக் கலையாமலா ஓடுவான்? கசங்கித்தான் இருக்க வேண்டும்.

ராமநாதன்: அப்படியானால் இதற்குக் கூலி இல்லை.

முருகேசன்: யார் சொன்னது? தேய்த்துவிட்டு, பிறகு கசக்கித் தர வேண்டும். இரட்டைக் கூலி, சார்.