‘ஆவணம் இல்லை’ என்றால், எப்படி இல்லை?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊருக்கு மேலே ஒரு சரிவை ஜேசிபி வைத்து வெட்டியிருக்கிறார்கள். நீலகிரியில் ஜேசிபி இறக்க அனுமதி வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அனுமதி உத்தரவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். தாங்கள் கோரிய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மனுவுக்குக் கட்டிய பத்து ரூபாய் வீண் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நான் அப்படி நினைக்கவில்லை. அனுமதியே இல்லாமல் மலையை வெட்டியிருந்தால், அதைப் பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்துப் போட்டு எழுதித் தருவது வலுவான ஆதாரம். ஆனால் இந்த ஒரு வரி அதைச் சொல்லவில்லை. அனுமதி கொடுக்கவே இல்லையா, கொடுத்த கோப்பு தொலைந்துவிட்டதா, அழித்துவிட்டார்களா, வேறு அலுவலகத்தில் இருக்கிறதா?

வேறு அலுவலகத்தில் இருந்தால், பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் மனுவை அங்கே அனுப்பியிருக்க வேண்டும். விதிப்படி அழித்திருந்தால் அழித்ததற்கும் ஒரு பதிவு இருக்கும். தொலைந்துவிட்டது என்றால் விஷயம் இன்னும் பெரியது. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது தகவல் மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணமே அல்ல, முழுமையாகத் தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரித்துப் பொறுப்பானவர் யார் என்று கண்டறிய வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கொடுக்கவே இல்லை என்றால் சரி, அத்தோடு முடிந்தது. கையில் இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்பது சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் சொன்னது. அது நியாயமும்கூட. இல்லை என்று தெரிந்தே மனு மேல் மனு போட்டு எழுத்தரை அலைக்கழிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று இருக்கைகளின் வேலையை ஒருவரே பார்க்கும் அலுவலகங்கள் இந்த மலையில் நிறைய.

அதனால் மேல்முறையீட்டில் பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன். அந்த சர்வே எண்ணுக்கு விண்ணப்பம் வந்ததா, எந்த ந.க. எண்ணில் (அலுவலகம் கோப்புக்குத் தரும் எண்) பதிவானது, எழுத்தர் தன்னிடம் வரும் தபால்களைப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நேரில் பார்க்க அனுமதி, இவ்வளவுதான். பதிவு இருந்து கோப்பு இல்லாவிட்டால் தொலைந்திருக்கிறது. பதிவே இல்லாவிட்டால் விண்ணப்பமே வரவில்லை என்று எழுதித் தரட்டும்.

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் சரிவுகள் இடிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் எந்தச் சரிவை வெட்ட யார் அனுமதித்தார் என்பதை மனுப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆவணங்களைப் பட்டியலிட்டு வைக்கச் சொல்லும் பிரிவு 4, 2005-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அனுமதியையும் சர்வே எண்ணோடு இணையத்தில் போட்டால் என்னைப் போன்றவர்கள் மனு எழுதவே வேண்டாம்.

குன்னூரிலோ கூடலூரிலோ யாருக்காவது இதே பதில் வந்திருந்தால் கிழித்துப் போடாதீர்கள். பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மத்திய சட்டத்தில் தனிக் கட்டணம் எதுவும் சொல்லப்படவில்லை.