பன்றிக்காரனுக்கு எல்லாம் தெரியும்

அந்தக் கால்வாய்ப் படத்தை இன்னும் எத்தனை பேர் பகிரப் போகிறீர்கள்? காலையிலிருந்து என் பக்கம் முழுக்க அதுதான். உரச் சாக்கு, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பன்றிக் கால், மேலே "விழிப்புணர்வு இல்லாத ஜென்மங்கள்" என்று தலைப்பு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்த பன்றியைக் கால்வாயில் போட்ட பன்றிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது என்று திட்டுகிற பதிவு. எழுதியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். நன்றாக வாசித்தவர், நிறைய விஷயங்களில் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஒரு பன்றிக் கொட்டிலுக்குள் வாழ்க்கையில் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டார். அது அந்தப் பதிவின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

செத்த பன்றியைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் போட்டது சரி என்று நான் சொல்லவில்லை. கீழே வந்து அதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். போட்டவனுக்கு நோய் தெரியாமல் இல்லை. அது என்ன நோய் என்றும் தெரியும், வெளியே சொன்னால் தனக்கு என்ன நடக்கும் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்ததால்தான் இரவில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான்.

என் சித்தப்பா கொழும்புக்கு வடக்கே ஜா-எல பக்கம் பன்றி வளர்க்கிறவர். பண்ணை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தரை, தகரக் கூரை, தாய்ப்பன்றி இரண்டு மூன்று, மற்றதெல்லாம் குட்டிகளும் வளர்கிறவையும். வத்தளையிலிருந்து சிலாபம் வரைக்கும் கரையோரமாக இப்படி எத்தனையோ வீடுகள். நத்தாருக்கு விற்கிற காசில்தான் பிள்ளைகளின் அடுத்த வருடத்துக் கொப்பி, சப்பாத்து எல்லாம்.

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது கொழும்பில் பாதிப் பேர் அந்தப் பெயரையே முதல் தடவை கேட்டார்கள். சித்தப்பா அதற்கு முன்பே முகம் செத்துப்போய்த்தான் இருந்தார். வாளிச் சத்தம் கேட்டும் எழும்பாத பன்றி. தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கும் பன்றி. உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், காதும் வயிறும் சிவந்து பிறகு ஊதாவாகும், சினைப் பன்றி குட்டியைக் கலைத்துவிடும். "இது வழமையான காய்ச்சல் இல்ல மகன், ஊசிக்கும் அடங்கல்ல" என்றார். எந்தக் கருத்தரங்கில் படித்தார்?

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? இணை சேர்க்கப் பக்கத்து வீட்டு ஆண் பன்றியைக் கொண்டுவருவதை நிறுத்தினார். வாசலில் சுண்ணாம்பு கொட்டினார். வருகிறவர்களைப் படலைக்கு வெளியிலேயே நிற்க வைத்தார், என்னையும்தான். ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டை அரைப் பீப்பாயில் ஊற்றி விறகு வைத்துக் கொதிக்க வைத்தார். குறைந்தது 70 பாகையில் அரை மணி நேரம் கிண்டிக் கிண்டிக் காய்ச்ச வேண்டும் என்று அறிவுறுத்தல்களில் இருக்கிறது. அவரிடம் வெப்பமானி இல்லை. பொங்கி வழியும்வரை எரிப்பார். விறகுக் காசை யார் கொடுப்பது என்று மட்டும் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் இல்லை.

அந்த மிச்சச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் கல்யாண மண்டபத்திலிருந்து. உங்கள் பிறந்தநாள் பஃபேயிலிருந்து. நீங்கள் தட்டில் விட்ட சொசேஜ், பேக்கன், ஹாம் எல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. இந்தக் கிருமி உறைந்த இறைச்சியிலும் உப்புப் போட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். 2007இல் ஜோர்ஜியா நாட்டுக்குள் நோய் வந்ததே கப்பலில் வந்த சாப்பாட்டுக் கழிவால்தான் என்று கருதப்படுகிறது. துறைமுகமும் விமான நிலையமும் வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, கிருமி எங்கோ ஒரு பன்றிக்காரனின் அழுக்கிலிருந்து முளைத்தது போலக் கதைக்கிறீர்கள். 2022இல் தீவன விலை ஏறியபோது தவிடு, சோளம், புண்ணாக்கு எதையும் தொட முடியவில்லை. அந்த நேரம் வாளியை நம்பாமல் வேறு எதை நம்புவது?

சரி, சொல்லியிருக்கலாமே, மிருக வைத்தியருக்கு ஒரு போன் அடித்திருக்கலாமே என்கிறீர்கள். அடித்தால் என்ன நடக்கும் என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை விற்க முடியாது. கொண்டுபோகத் தடை. நோய் என்று உறுதியானால் அந்தக் கொட்டிலில் நல்ல பன்றி, கெட்ட பன்றி என்ற பேச்சே இல்லை, எல்லாவற்றையும் கொன்று புதைக்க வேண்டும். மருந்து கிடையாது. வியட்நாம் ஒரு தடுப்பூசியை அனுமதித்துப் போடுகிறது என்று வாசித்தேன், நம் கொட்டில்காரன் கைக்கு எட்டுகிற சாமான் அல்ல. விஞ்ஞானம் அப்படித்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கொன்ற பன்றிக்கு யார் காசு தருவது?

இதைத்தான் சித்தப்பா ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில் கேட்டார். எந்த அலுவலகம் என்று வேண்டாம். கூட்டம் வேலை நாளில், காலையில், முழுக்கச் சிங்களத்தில். சித்தப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, பக்கத்துக் கொட்டில் அக்கா மட்டும் இவர் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். கிருமியின் படம் காட்டினார்கள், பெரிதாக, நிறம் போட்டு. எல்லாம் முடிந்ததும் இவர் எழும்பி, "அழித்தால் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும்" என்று கேட்டார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்று பதில். பிறகு தேத்தண்ணியும் பணிஸும். விழிப்புணர்வு முடிந்தது.

ஆனால் வியாபாரியின் லொறி நேரத்துக்கு வந்தது. யார் கொட்டிலில் பன்றி படுத்துவிட்டது என்பது வைத்தியருக்குத் தெரிவதற்கு முன் அவர்களுக்குத் தெரியும். பாதி விலை, கையில் காசு, இப்போதே ஏற்றலாம். அதே லொறி, அதே பூட்ஸ், அடுத்த ஊர். நோயைக் கொண்டுபோனது அறியாமையா? பிள்ளைகளுக்குச் சோறு போட வேறு வழி இல்லாத ஒருவனிடம் அந்த நேரத்தில் நீட்டப்பட்ட காசுதான் கொண்டுபோனது. தெரியாமல் விற்கவில்லை ஐயா, தெரிந்துதான் விற்றார்கள். (சித்தப்பா விற்கவில்லை. அவருடையவை கொட்டிலிலேயே செத்தன. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனம் இல்லை.)

இனி உங்கள் கேள்விகள். அப்படித் தெரிந்தே விற்றால் அது இன்னும் பெரிய குற்றம்தானே என்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்டார். குற்றம்தான். சட்டமும் இருக்கிறது, 1992ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டம், நோயை அறிவிக்காவிட்டால் நடவடிக்கை எடுக்கலாம். எடுங்கள். லொறிக்காரனிடமிருந்து தொடங்குங்கள்.

இன்னொருவர் மூளைக்காய்ச்சலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். 1980களில் அநுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்து ஆட்கள் செத்தது உண்மை. அந்தக் கிருமி பன்றி உடம்பில் பெருகும், வயல் தண்ணீரில் பிறக்கும் நுளம்பு அதை மனிதனிடம் கொண்டுவரும். ஆனால் அது வேறு கிருமி, வேறு நோய், அதற்கு இன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதனுக்கு வராது. வராது என்றால் வராது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டு என்னிடம் விழிப்புணர்வு பற்றிப் பேசுகிறீர்கள்.

"படித்த நாடுகளில் இப்படி நடக்காது" என்று எழுதிய அண்ணனுக்கும் ஒரு செய்தி. 2018இல் சீனா, அங்கே மாடிக்கட்டிடத்தில் பன்றி வளர்க்கிறார்கள். அதே வருடம் பெல்ஜியத்துக் காட்டுப்பன்றிகள். 2020இல் ஜெர்மனி. எல்லைக்கு வேலி போட்டும் நின்றதா? ஜெர்மன்காரனுக்கு விழிப்புணர்வு இல்லையா? அவனைப் பார்த்து ஜென்மம் என்று எழுதுவீர்களா?

எழுத மாட்டீர்கள். ஏனென்றால் இது நோயைப் பற்றிய கோபமே இல்லை. இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சித்தப்பாவின் மகள், என் தங்கச்சி, பள்ளிக்குப் போகும் முன் இரண்டு தடவை குளிப்பாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகளின் வீட்டிலும் நத்தாருக்குப் பன்றிக்கறிதான். இப்போது என் அலுவலகத்தில் மதியம் டெவல்ட் போர்க் ஓடர் பண்ணும்போது யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. நோய்ச் செய்தி வந்த கிழமை எனக்கு வந்த அழைப்புகளில் ஒருவராவது சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்டது எல்லாம், "இப்ப போர்க் சாப்பிடலாமா?"

சாப்பிடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

உன் சொந்தக்காரன் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறாய் என்று சொல்வீர்கள். ஆமாம். அவருக்காக எழுத வேறு யார் இருக்கிறார்கள்? விழிப்புணர்வு வேண்டும் என்றால் வேண்டும்தான், நான் வேண்டாம் என்று சொன்னேனா? கொழும்பு ஹோட்டல்காரருக்குச் சொல்லுங்கள், வாளியைக் கொடுக்கும் முன் இறைச்சியைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வியாபாரிக்குச் சொல்லுங்கள், லொறியைக் கழுவச் சொல்லுங்கள். கொட்டில்காரனிடம் வரும்போது மட்டும் படத்தோடு கொஞ்சம் காசு பற்றியும் பேசத் தயாராக வாருங்கள். எந்த நாளில், எந்த அலுவலகத்தில், எவ்வளவு என்று அச்சடித்து ஒரு தாள் கொடுத்தால் போதும், அடுத்த பன்றி படுத்த அன்றே போன் வரும்.

கடைசியாக, என் பழைய பதிவின் கீழே "பன்றி வளர்ப்பதையே தடை செய்ய வேண்டும்" என்று எழுதி முப்பது லைக் வாங்கிய அண்ணன், நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம் நத்தாருக்கு இரண்டு கிலோ கடனுக்கு வாங்கிப்போனீர்கள். அந்தக் காசு இன்னும் வரவில்லை.