சம்மர் மேல் என்ன தப்பு?

காதல் காமெடிப் படங்களில் எனக்குத் தீராத கடுப்பு ஒன்று உண்டு. படம் முழுக்க "எனக்கு இந்த கமிட்மென்ட் எல்லாம் சரிவராது" என்று நழுவிக்கொண்டே இருப்பவன், கடைசிப் பத்து நிமிடத்தில் விமான நிலையத்துக்கு ஓடுவான். மூச்சிரைக்க நாலு வரி பேசுவான். அதோடு பயம் போயே போச்சு. எப்படிப் போச்சு என்று கேட்பதற்குள் பாட்டு வந்துவிடும்.

சின்ன பட்ஜெட்டில் எடுக்கும் சுயாதீனப் படங்களில் ஆளும் குறைவு, லொகேஷனும் குறைவு. பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சில்தான் பயத்தின் உண்மையான முகம் தெரியும்.

'500 டேஸ் ஆஃப் சம்மர்' (2009) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கும் அதில் நாயகி சம்மர்தான் வில்லி. நாயகன் டாமைக் காதலித்துவிட்டுக் கழற்றிவிட்டாளாம். ஐக்கியா ஃபர்னிச்சர் கடைக் காட்சி நினைவிருக்கிறதா? விற்பனைக்கு வைத்திருக்கும் சமையலறை, படுக்கையறை எல்லாவற்றிலும் டாமும் சம்மரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி விளையாடுகிறார்கள். அந்த விளையாட்டு முடிந்த கையோடு அவள் சொல்லிவிடுகிறாள், தனக்கு சீரியஸான உறவு எதுவும் வேண்டாம் என்று. டாமும் சரி என்கிறான். ஆனால் அவன் மனசு இன்னும் அந்தப் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை.

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படித்தான் சொல்வது? டாமாக நடித்த ஜோசப் கார்டன்-லெவிட்டே தப்பு டாம் பக்கம்தான் என்று பேட்டியில் சொல்லிவிட்டார். நம் ஆட்கள்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அப்புறம் அவள் வேறொருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். 'அப்போ மட்டும் பயம் எங்கே போச்சு?' என்பார்கள். பதிலை அவளே டாமிடம் சொல்கிறாள்: உன்னிடம் எனக்கு வராத உறுதி அவனிடம் வந்தது. ஆக, அவளுக்குக் கல்யாணத்தின் மேல் பயமே இல்லை. டாம் மேல் நிச்சயம் இல்லை, அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொள்வதைவிட 'அவளுக்கு கமிட்மென்ட் பயம்' என்று முத்திரை குத்துவது சுலபம். நிராகரிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ஆறுதல்: குறை என்னிடம் இல்லை பாருங்கள், அவளுக்குத்தான் ஏதோ வியாதி.

ஒன்று மட்டும் சம்மரிடம் எனக்கும் பிடிக்காது. தன் வாழ்க்கையில் இன்னொருவன் இருப்பதைச் சொல்லாமலே டாமைத் தன் வீட்டுப் பார்ட்டிக்குக் கூப்பிட்டது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அவன் எதிர்பார்த்தது, மறுபக்கம் நிஜத்தில் நடந்தது என்று காட்டுவார்களே, அந்தப் பார்ட்டிதான். அவள் விரலில் நிச்சயதார்த்த மோதிரத்தைப் பார்க்கும் கணத்தில் டாமுக்காக எனக்கும் வலித்தது.

நிஜமான பயத்தைப் பார்க்க வேண்டும் என்றால் நார்வே படம் 'தி வொர்ஸ்ட் பெர்சன் இன் தி வேர்ல்ட்' (2021). ஜூலிக்கு மருத்துவப் படிப்பு, உளவியல், புகைப்படம் என எதிலும் கால் ஊன்றாது. அவளைவிட மூத்த காதலன் அக்செல் குழந்தை வேண்டும் என்கிறான். ஒரு காலையில் அவன் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஜூலி சுவிட்சைத் தட்டுகிறாள், ஆஸ்லோ நகரமே அப்படியே உறைந்து நிற்கிறது. அவள் மட்டும் இன்னொருவனைத் தேடித் தெருத்தெருவாக ஓடுகிறாள். இதிலும் ஓட்டம்தான், ஆனால் இந்த ஓட்டத்தால் எதுவும் தீர்வதில்லை. திரும்பி வந்து அக்செலிடம் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும். அந்தப் பிரிவுக் காட்சியில் அழுகிறார்கள், அணைத்துக்கொள்கிறார்கள், மறுபடி வாதாடுகிறார்கள். பிரிகிற இருவரில் யார் சொல்வது சரி என்று என்னால் கடைசி வரை கட்சி சேர முடியவில்லை.