கேபினெட் கதவுல இடிச்சா உயிர் போயிடாது

தலையில அடிபட்டு கன்கஷன், அதாவது அடியோட அதிர்ச்சில மூளை கொஞ்ச நாள் தடுமாறுறதுன்னு டாக்டர் சொல்லி வீட்டுக்கு அனுப்புன கேஸு யாராச்சும் உங்க வீட்ல இருந்தா இத படிங்க. அடிபட்ட அன்னிக்கு என்ன பண்ணணும்னு ஊரே வந்து சொல்லும். அதுக்கப்புறம் குணமாகிட்டு வர்ற நேரத்துல படுற குட்டி குட்டி இடி இருக்கு பாருங்க, கிச்சன் கேபினெட் கதவு, காருல ஏறும்போது மேல தட்டுறது, எல்.ஆர்.டி. ரயில்ல பக்கத்துல நிக்கிறவரோட பேக் வந்து மோதுறது, அதப்பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.

நான் கோலாலம்பூர் செந்தூல்ல எங்க ஃப்ளாட் படியில வழுக்கி விழுந்து பின்மண்டைல அடி. ஸ்கேன் கிளியர். கன்கஷன்ல பெரும்பாலும் அப்படித்தான், சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு இருக்கான்னு பாக்கத்தான், மூளை கொஞ்ச நாள் தடுமாறுறது அதுல தெரியாது. ஆனா வீட்ல "ஸ்கேன்ல ஒன்னுமில்லதானே, அப்புறம் என்ன"ன்னு கேப்பாங்க, கேட்டாங்க.

ஓரளவு தேறிட்டு வர்றப்ப அக்கா பொண்ணு ஓடி வந்து கட்டிப்பிடிச்சதுல நெத்தியும் நெத்தியும் டொக்குன்னு முட்டிக்கிச்சு. அதோட விட்டாளா, "சித்தி கொம்பு முளைக்கும், இன்னொரு தடவ முட்டணும்"னு தலைய நீட்டிக்கிட்டு நிக்கிறா! எனக்கு கைகால் எல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு, ராத்திரி பூரா தலைவலி, போச்சுடா மறுபடி முதல்லருந்தான்னு ஒரே அழுகை. மறுநாள் சாயங்காலம் பழையபடி ஆயிட்டேன்.

1994ல ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, தும்முனா தலைக்கு கிட்டத்தட்ட 3 ஜி, நாற்காலில பொத்துன்னு உக்காந்தா 10 ஜி, அதாவது புவியீர்ப்பு மாதிரி 10 மடங்கு. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரங்க ஹெல்மெட்ல கருவி வச்சு பாத்ததுல கன்கஷன் ஆன அடியெல்லாம் சராசரியா 100 ஜி பக்கம். தலை எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா திரும்புதுங்கிறதும் சேரும், அதனால இந்த நம்பர வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, ஆனா சோபால உக்கார பயப்படாத நாம கேபினெட் கதவுக்கு ஏன் இப்படி நடுங்குறோம்?

அப்ப தலைவலி பொய்யான்னா, இல்ல லா. விழுந்தப்ப கழுத்தும் சேந்து அடி வாங்கியிருக்கும், பயத்துல அது இன்னும் இறுகும், தூக்கம் கெடும், எப்பவும் தலையிலயே கவனம் வச்சிருந்தா லேசான வலியும் பெருசாத்தான் தெரியும். வலி கூடுறதும் மூளைல புதுசா காயம் ஆகுறதும் வேற வேற.

நெட்ல தேடுனா ரெண்டாவது அடில உயிரே போயிடும்னு வரும். அப்படி ஒன்னு இருக்கு, ரொம்ப அபூர்வம், பெரும்பாலும் குணமாகாமலே திரும்ப களத்துல இறங்குன இளவயசு விளையாட்டுக்காரங்களுக்கு நடந்தது. அதனால டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும் ஃபுட்சால் வேணாம், மோட்டார் சைக்கிள் வேணாம், இதுல நான் கறார்.

இடிச்சா மணிய பாத்து எழுதி வச்சிட்டு வேலைய பாருங்க. தலைவலி ஏறிக்கிட்டே போகுது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குளறுது, கைகால் மரத்துப் போகுது, வலிப்பு, ஒரு கண்ணு பாப்பா பெருசா இருக்கு, எழுப்புனா எந்திரிக்கல, இதுல எது வந்தாலும் யோசிக்காம ஆம்புலன்ஸுக்கு 999. வார்ஃபரின் மாதிரி ரத்தம் இளக்குற மருந்து சாப்பிடுறவங்க அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே போய் காட்டுங்க.

இன்னொன்னு, இந்த இருட்டு ரூம் வைத்தியம். எங்க மாமியார் பாசமாத்தான் திரைய மூடி கோடாலித் தைலம் தேச்சு படுக்க வச்சாங்க, ஆனா 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாட்டுல கூடுன நிபுணர்களே முதல் 24லருந்து 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு போதும், அந்த நேரத்துலயே மெதுவா நடக்கலாம்னுதான் சொல்றாங்க. நான் தித்திவங்சா ஏரி பக்கம் நடந்தேன், லேசா வலி கூடுனா பெஞ்சுல உக்காந்துட்டு மறுபடி நடக்கிறது. எம்.சி. (மெடிக்கல் லீவு) முடிஞ்சுதேன்னு அதட்டுற பாஸ் கதைய இன்னொரு நாள் எழுதுறேன், அது தனி தலைவலி.

நிறைய பேருக்கு ஒரு மாசத்துக்குள்ள சரியாயிடும். அதையும் தாண்டி தலைசுத்தலும் வலியும் இருந்தா திரும்ப டாக்டர்கிட்ட போய் கழுத்தையும் பேலன்ஸையும் செக் பண்ணச் சொல்லி நீங்களா கேளுங்க, அவங்களா சொல்லட்டும்னு இருக்காதீங்க. எனக்கு கழுத்துக்கு பிசியோ ஆரம்பிச்ச பிறகுதான் வலில பாதி கொறஞ்சுது.