ரெயின்போவின் ஆரஞ்சு எங்கே போனது?
‘டிஎன்ஏ ஒன்றென்றால் உருவமும் அச்சு அசல்’ என்று குளோனிங் பற்றிய ஒரு கட்டுரை அடித்துச் சொல்வது இடிக்கிறது. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த குளோன் பூனை (இன்னொரு பூனையின் செல்லிலிருந்து அதே டிஎன்ஏவோடு உருவாக்கியது) சிசியைப் பாருங்கள். செல் கொடுத்த பூனை ரெயின்போ வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் கலந்தது. சிசி உடம்பில் பொட்டு ஆரஞ்சு கூடக் கிடையாது. ஆரஞ்சு மரபணு எக்ஸ் குரோமோசோமில் (பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று என்று செல்லில் இருக்கும் டிஎன்ஏ கட்டு) இருக்கிறது. ரெயின்போவின் ஒரு எக்ஸில்தான் ஆரஞ்சு. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கருவிலேயே வாயடைக்கப்படும், எது அடங்குகிறதோ அதைப் பொறுத்து அங்கே ஆரஞ்சோ கறுப்போ வரும் (மரபியலாளர் மேரி லயன் 1961இலேயே எலிகளை வைத்துச் சொன்னதுதான்). குளோனுக்கு எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அடங்கியிருந்தது, குளோனிங்கில் அந்தப் பூட்டு கழலவில்லை, அவ்வளவுதான். அப்புறம், ஆண் பூனைக்கு ஏன் மூன்று நிறம் வருவதில்லை என்றால், அதற்கு இருப்பதே ஒரு எக்ஸ். அபூர்வமாக எக்ஸ்எக்ஸ்ஒய் என்று, அதாவது ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறந்தால் வரும்.